சுகர் மாத்திரை டோஸ் ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது? ஏற்காடு காப்பிக்காட்டில் அம்மாயிக்கு நடந்தது நமக்கும் பாடம்!

"கண்ணு, மீட்டர்ல 278 காட்டுச்சு. அதான் மாத்திரைய ஒண்ணு சேத்திப் போட்டுக்கிட்டேன்."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, என் அம்மாயி இதைத் தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னார். வயது 68. ஏற்காடு டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஏக்கருக்கும் குறைவான காப்பிக்காடு அவருக்கு. சுகர் வந்து 11 வருஷமாகிறது. ஒருநாள்கூட மாத்திரையை மறந்ததில்லை என்பது அவர் பெருமை. அந்தப் பெருமைக்காரர்தான் டிசம்பர் மாதக் காலை ஒன்றில், பழம் பறித்துக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் சாயங்காலம் பேரனுக்கு கமலா ஆரஞ்சு உரித்துக் கொடுத்திருக்கிறார். அதே கையோடு, மாமா வாங்கிக் கொடுத்த குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்திருக்கிறார். 278. பயந்துபோய் இரவு ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டவர், காலையில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டு, வெறும் கடுங்காப்பியோடு காட்டுக்குப் போய்விட்டார். பழம் சிவந்து நிற்கும்போது கூலிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சாப்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

பத்தரை மணிக்கு, பனி விலகாத குளிரில் அவருக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பக்கத்துக் காட்டு அத்தை ஏதோ கேட்க, சம்பந்தமில்லாமல் பதில் வந்தது. "பசி மயக்கம்" என்று நினைத்து அந்த அத்தை தன் ஃபிளாஸ்கில் இருந்த டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்தார். வீட்டுக்குக் கூட்டிவந்து, கையைக் கழுவித் துடைத்து சோதித்தபோது மீட்டர் காட்டியது 58. டீ குடித்த பிறகே 58 என்றால், அதற்கு முன்பு எவ்வளவு இருந்திருக்கும்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, டெஸ்ட் எடுக்கும் முன்பு கையைக் கழுவினாரா என்பதுதான். அங்கே எடுத்த மூன்று மாத சராசரி ரிப்போர்ட்டைப் பார்த்தால் அம்மாயியின் சுகர் கட்டுப்பாட்டில்தான் இருந்தது. அந்த 278-இல் எவ்வளவு ரத்தத்தின் சர்க்கரை, எவ்வளவு ஆரஞ்சின் சர்க்கரை என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம். ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். இத்தனை வீடுகளிலும் என்றாவது ஒருநாள் டோஸ் மாறும். அன்றைக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது?

டோஸ் கூடினால் நோய் முற்றிவிட்டதா?

மாத்திரை அளவைக் கூட்டி எழுதினால், "நான் வாயைக் கட்டலை, அதான்" என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். குறைத்து எழுதினால், "சுகர் போயிடுச்சு" என்று ஸ்வீட் டப்பாவைத் திறக்கிறோம். இரண்டுமே தவறு.

சாப்பாடு சர்க்கரையை ஏற்றுகிறது. உழைப்பு இறக்குகிறது. கணையத்தில் எவ்வளவு இன்சுலின் மிச்சம் இருக்கிறது, சிறுநீரகம் மருந்தை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்பதெல்லாம் இதோடு சேரும். இவை எதுவும் வருஷம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. அதனால் டோஸும் ஒரே மாதிரி இருக்க முடியாது.

டைப் 2 சர்க்கரை நோயில், வருஷங்கள் போகப் போக இன்சுலின் சுரப்பதும் குறைந்துகொண்டே வரும். இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கி, 1998-இல் முடிவுகள் வெளியான 'யு.கே.பி.டி.எஸ்' என்ற பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. நோய் தெரிந்து ஒன்பது வருஷம் ஆனபோது, நான்கில் மூன்று பேருக்கு ஒரே ஒரு மருந்து போதவில்லை. ஆக, மாத்திரை கூடுவது பெரும்பாலும் நோயின் இயல்பு. உங்கள் குற்றமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

காய்ச்சல், ஆறாத புண், சிறுநீர்த் தொற்று, உடல் எடை கூடுவது, மூட்டு வலிக்கோ மூச்சிரைப்புக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் சர்க்கரையை ஏற்றும். இவற்றுக்காகக் கூட்டிய டோஸை, காரணம் சரியானதும் மீண்டும் குறைக்க வேண்டிவரும். மாத்திரை முடிந்ததும் கடையில் அதே சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் தவறவிடும் இடம் இது.

குறைப்பதும் சிகிச்சைதான்

வயதானவர்களுக்குப் பசி குறையும், உடம்பு இளைக்கும், சிறுநீரகம் மெதுவாகும். இன்சுலினும் சில மாத்திரைகளும் உடம்பில் அதிக நேரம் தங்கும். 50 வயதில் சரியாக இருந்த அளவு 70 வயதில் அதிகமாகிவிடலாம்.

"எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது" என்பதும் உண்மை இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து 'அக்கார்ட்' என்ற ஆய்வு நடந்தது. எல்லோரும் இதய நோய் ஆபத்து அதிகம் உள்ளவர்கள். அதில் ஒரு பிரிவினருக்கு ஹெச்.பி.ஏ1.சி அளவை 6-க்குக் கீழே கொண்டுவர மருந்துகளைத் தீவிரமாக ஏற்றினார்கள். அந்தப் பிரிவில் இறப்பு அதிகமாக இருந்ததால், 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர சிகிச்சையை நிறுத்தவேண்டியதாயிற்று. அதனால்தான் இலக்கு இன்று ஆளுக்கு ஆள் மாறுகிறது. பலருக்கு 7-க்குக் கீழே என்பது இலக்கு. முதியவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் 8 வரைகூட டாக்டர்கள் விட்டுக்கொடுப்பார்கள். மருமகளின் இலக்கு மாமியாருக்குப் பொருந்தாது.

ஒரே மாத்திரை இல்லை, பல வகை

'சுகர் மாத்திரை' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது.

மெட்ஃபார்மின்: கல்லீரல் சர்க்கரையை அதிகமாக வெளியே விடாமல் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலும் 500 மில்லிகிராமில் தொடங்கி, வயிறு பழகப் பழக, நாளொன்றுக்கு 2,000 வரை ஏற்றுவார்கள். சாப்பாட்டோடு எடுக்க வேண்டியது. தனியாக எடுத்தால் லோ சுகர் வருவது அபூர்வம். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும்.

கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு: கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்பது இவற்றுக்குத் தெரியாது. மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி இருந்தாலும் இன்சுலின் சுரக்கும், சர்க்கரை இறங்கும். அம்மாயி இரட்டிப்பாகப் போட்டது இந்த வகை கலந்த மாத்திரைதான்.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்: சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் நாள்களில் இதைத் தொடரலாமா என்று டாக்டரிடம் கேட்டே ஆகவேண்டும்.

இன்னொரு குழப்பம், மாத்திரைப் பெயரின் வாலில் இருக்கும் 1, 2 என்ற எண். கலவை மாத்திரைகளில் அது பெரும்பாலும் கிளைமிபிரைடின் அளவைக் குறிக்கும். கடையில் '1' இல்லாமல் '2' கொடுத்தால், அட்டை ஒரே மாதிரி தெரிந்தாலும் அந்த மருந்து இரண்டு மடங்கு. 'எஸ்.ஆர்', 'எக்ஸ்.ஆர்' என்று போட்டிருந்தால் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது.

வாசலுக்கு வரும் மாத்திரை

மலைக்கிராமங்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' பெரிய ஆறுதல். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பி.பி, சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒருநாள் கூலியை இழந்து மாத்திரை வாங்கப் போகும் நிலையை இது மாற்றியிருக்கிறது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காக, டாக்டரைப் பார்ப்பதை விட்டுவிட முடியாது. டோஸை மாற்ற வேண்டுமா என்று முடிவு செய்ய, டாக்டர் உங்களையும் ரிப்போர்ட்டையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆபத்து, இரட்டை மாத்திரை. அரசு கொடுத்த அட்டையில் 'கிளைமிபிரைடு' என்று மருந்தின் பெயரே இருக்கும். சேலத்தில் தனியார் டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டையில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பது ஒரே மருந்து. பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சீட்டைவிட அந்தப் பை அதிகம் பேசும்.

டாக்டரிடம் மறைத்தால் டோஸ் தப்பாகும்

"மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டால், "ஆமாங்க" என்று தலையாட்டுவோம். உண்மையில் வாரத்தில் மூன்று நாள் விட்டுப்போயிருக்கும். சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்க்கும் டாக்டர், இந்த அளவு போதவில்லை என்று கூட்டி எழுதுவார். பயந்துபோய் அடுத்த வாரம் முழுக்க ஒழுங்காகச் சாப்பிட்டால், கூட்டிய டோஸ் முழுசாக உள்ளே போகும். லோ சுகர் வரும். விட்டுப்போனதைச் சொல்லிவிட்டால் டோஸைக் கூட்ட வேண்டிய தேவையே வராமல் போகலாம். விட்டுப்போன மாத்திரையை அடுத்த வேளையில் சேர்த்து இரண்டாகப் போடவும் கூடாது.

நாட்டு மருந்து, கஷாயம், லேகியம் எது எடுத்தாலும் அதையும் சொல்ல வேண்டும். திட்டு விழுந்தால் விழட்டும்.

மலைக்கு என்று சில கணக்குகள்

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் சரிவில் ஏறி இறங்கி, கூடை சுமந்து உழைக்கும் உடம்பு சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கும். மழைக்காலத்தில் வீட்டோடு இருந்தபோது சரியாக இருந்த டோஸ், சீசனில் அதிகமாகிவிடலாம். "அடுத்த மாசம் பறிப்பு தொடங்குது" என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. ஊர்த் திருவிழா விரதம், சபரிமலை மாலை, ரம்ஜான் நோன்பு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான்.

சேலத்துக்கு ஃபாஸ்டிங் டெஸ்ட்டுக்குப் போகிறவர்கள், காலையில் வழக்கம்போல மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு பஸ் ஏறிவிடுகிறார்கள். லேப் வரிசையில் நின்று முடிப்பதற்குள் பத்து மணியாகிவிடும். மாத்திரையையும் டிபனையும் கையில் எடுத்துப்போய், ரத்தம் கொடுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். சாப்பிட்டது வெளியே வந்துவிட்டால், மாத்திரை மட்டும் உள்ளே இருந்து வேலை செய்யும். பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இருக்கட்டும்.

மீட்டரை நம்பலாமா?

நம்பலாம், கையைக் கழுவினால். ஆரஞ்சு, திராட்சை போன்ற பழங்களை உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரை, சொட்டு ரத்தத்தோடு கலந்து எண்ணைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டும். ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பது போதாது. தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். காப்பிப் பழத்தின் பிசுபிசுப்பும் இனிப்புதான் என்பதைக் காட்டு வேலை செய்கிறவர்கள் நினைவில் வையுங்கள்.

லேப் ரிப்போர்ட்டுக்கும் வீட்டு மீட்டருக்கும் 15 சதவிகிதம் வரை வித்தியாசம் வருவது சகஜம். லேபில் 150 என்றால் மீட்டர் 130 காட்டலாம், 170-உம் காட்டலாம். ஒரே ஒரு எண்ணை வைத்து டோஸை மாற்றக் கூடாது. எண் அதிர்ச்சியாக இருந்தால், கையைக் கழுவிவிட்டு இன்னொரு முறை சோதியுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒரு நோட்டில் எழுதிவந்தால், டாக்டர் டோஸை முடிவு செய்ய அதைவிட நல்ல உதவி கிடையாது.

ஹெச்.பி.ஏ1.சி என்பது சுமார் மூன்று மாத சராசரி. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் இந்தக் கணக்கு. டோஸ் மாற்றிய அடுத்த வாரமே இதை எடுத்துப் பார்த்து மனசு உடைய வேண்டாம். ரத்தசோகை இருந்தால் இந்த எண் தவறாக வரலாம் என்பதையும் டாக்டரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு

நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவுக்கான கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. 100 யூனிட் இன்சுலினை 40 சிரிஞ்சில் '10' கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 10 அல்ல, 25 யூனிட். பேனா தீர்ந்துவிட்டதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிப் போடுவது இதனால்தான் ஆபத்து. வாங்கும்போதே குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்புக் கட்டி விழும், மருந்து சரியாகச் சேராது. சர்க்கரை ஏறும், டோஸைக் கூட்டுவார்கள். பிறகு ஒருநாள் நல்ல இடத்தில் குத்தினால் திடீரென்று இறங்கிவிடும். இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். கட்டி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

லோ சுகர்: வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டியது

* அறிகுறிகள்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, குழறல், காரணமில்லாத கோபம், குழப்பம்.
* 70-க்குக் கீழே இருந்தால், அல்லது மீட்டர் கையில் இல்லாமல் சந்தேகம் வந்தாலே, உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.
* 15 நிமிஷம் கழித்து மீண்டும் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுங்கள். ஏறியதும் சாப்பாடு கொடுங்கள்.
* நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.
* கிளைமிபிரைடு வகை மாத்திரையால் வந்த லோ சுகர், சரியான பிறகும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம். "தெளிஞ்சிட்டாங்க" என்று வீட்டில் விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

டோஸ் மாறிய அன்று கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. எந்த மருந்து மாறியிருக்கிறது? பழைய அளவு என்ன, புதிய அளவு என்ன?
2. எதற்காக மாற்றினீர்கள்?
3. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையை நிறுத்த வேண்டுமா?
4. சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? அன்று சாப்பிட முடியாவிட்டால் என்ன செய்வது?
5. மறுபடி எப்போது டெஸ்ட் எடுக்க வேண்டும்?
6. எந்த எண்ணுக்கு மேலே, எந்த எண்ணுக்குக் கீழே போனால் உடனே வர வேண்டும்?

அம்மாயியை ஒருநாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். டாக்டர் அவருடைய மாத்திரை அளவைக் குறைத்து எழுதியிருந்தார். அம்மாயிக்கு அதில் திருப்தி இல்லை.

"என்ன கண்ணு, கம்மி பண்ணிட்டாங்க? இது பத்துமா?"

"உன் வயசுக்கும், நீ காட்டுல பாடுபடுறதுக்கும் இது பத்துமாம் அம்மாயி. ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. அப்பப் பாத்துக்கலாம்."

போன மாதம் ஏற்காட்டுக்குப் போயிருந்தேன். குளுக்கோமீட்டர் டப்பாவின் மேல் மாமா ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறார். 'முதல்ல கை கழுவு. அப்புறம் குத்து. மாத்திரைய மாத்தணும்னா போன் பண்ணு.' கீழே மாமாவின் போன் நம்பரும் ஆஸ்பத்திரி நம்பரும் இருந்தன. அம்மாயிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்த மூன்று வரியும் அவருக்கு மனப்பாடம். காலையில் காட்டுக்குக் கிளம்பும் முன், ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார். மடியில் ஒரு சின்னப் பொட்டலம். என்னவென்று கேட்டேன்.

"சக்கரை கண்ணு. எனக்கில்லைனாலும் பக்கத்துக் காட்டுல யாருக்காச்சும் வேணுமில்ல?"

(இது பொதுவான தகவலுக்கான கட்டுரை. மருந்தின் அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே இருக்கட்டும்.)